தங்கத்தாயின் இடது பக்கம்

சொரிமுத்து குற்றாலத்துப் பேரருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவன். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் வெளியூர்க்காரர்கள் அவனைத் தேடிப் பாறைக்கு வந்துவிடுவார்கள். அவன் பெண்டாட்டி தங்கத்தாய் செண்பகாதேவி அருவிக்குப் போகிற மலைப்பாதையில் ஏறிப்போய் மலைப்பழம் வாங்கி, கூடையோடு இறங்கி வந்து கடைத்தெருவில் விற்பாள். அவள் கூவி விற்கிற குரல் அருவி இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். பாறையில் யார் முதுகையாவது அழுத்திக்கொண்டிருக்கும் சொரிமுத்து, இன்றைக்கு வியாபாரம் எப்படி என்பதை அந்தக் குரலிலிருந்தே தெரிந்துகொள்வான்.

1938ஆம் வருஷத்துச் சாரலில்தான் அவளுடைய இடது மார்பில் கட்டி இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் அதை மாசக்கணக்காக மறைத்திருந்தாள்.

“ஏட்டி, எம்புட்டுப் பெரிசா இருக்கு. ஏன் சொல்லல?”

“வலிச்சாத்தான சொல்லுததுக்கு” என்றாள் தங்கத்தாய்.

கை வைத்துப் பார்த்தான். மாங்கொட்டைபோல் இருந்தது, அசைத்தால் அசையவில்லை. எத்தனையோ பேர் உடம்பில் எத்தனையோ முடிச்சுகளைத் தடவி இளக்கியவன்தான். இது இளகாது என்று கை சொல்லியது.

வருஷா வருஷம் அவனிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருகிறவர் கல்யாணராமன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி வைத்தியம் பார்க்கிற டாக்டர். சொரிமுத்து அவரிடம் போய் நின்றான். அவர் தங்கத்தாயைச் சோதித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

“புத்துக் கட்டி. நெஞ்செலும்போட ஒட்டிண்டிருக்கு, அறுத்து எடுக்க முடியாது. கதிர் குடுத்துப் பார்க்கலாம். விட்டுட்டா அடுத்த சாரலுக்கு இருக்கமாட்டா.”

புரட்டாசியில் இருவரும் தென்காசியில் ரயிலேறினார்கள். பட்டணத்தில் தங்கத்தாயை தினமும் ஓர் இருட்டறைக்குள் படுக்க வைத்து, மேலே பெரிய குழாயை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“உள்ள என்ன செய்யுதாக?” என்று கேட்டான் சொரிமுத்து.

“ஒண்ணுமே செய்யல. சும்மா படுத்துக் கெடக்கேன். ஒரு மிஷின் உறுமுது. வெளிச்சமும் இல்ல, சூடும் இல்ல.”

தோல் சிவந்து, பிறகு அடுப்புச்சட்டியின் அடிபோல் கறுத்தது. ஆனால் கட்டி வாரத்துக்கு வாரம் கரைந்தது. கார்த்திகையில் ஊர் திரும்பியபோது தடவினால் கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. தங்கத்தாய் மறுநாளே கூடையை எடுத்துவிட்டாள்.

மாசியில் வறட்டு இருமல் வந்தது. சளி வரவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து சொரிமுத்து ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தான்; தைலம் காய்ச்சி நெஞ்சில் தடவினான். தடவும்போதுதான் கவனித்தான்: மூச்சு இழுக்கையில் அவளுடைய வலது பக்கம் எழும்பியது, இடது பக்கம் கொஞ்சமே அசைந்தது.

பங்குனியில் அவளால் மலைப்பாதையின் முதல் ஏற்றத்தைக்கூட ஏற முடியவில்லை. சயரோகம், ஒட்டிக்கொள்கிற காசம் என்று தெருவில் பேச்சு வந்தது. அடுத்த வீட்டு மாடத்தி கிணற்று வாளியைத் தனியாக வைத்துக்கொண்டாள். தென்காசி ஆஸ்பத்திரியில் சோதித்து, சயரோகம் இல்லை என்றார்கள். அப்படியானால் என்ன என்று கேட்டதற்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

சாரலோடு கல்யாணராமன் வந்தார். வீட்டுக்கே வந்து தங்கத்தாயின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். வெளியே திண்ணைக்கு வந்து சொரிமுத்துவை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“கட்டி போயிடுத்து. ஆனா அதுக்குப் பின்னால நுரையீரல் இருக்கே, கதிர் அதையும் தொட்டுட்டுது.”

“தொட்டா என்ன சாமி? வலிக்கவே இல்லயே.”

“வலிக்காது. உனக்குப் புரியும்படி சொல்றேன். நுரையீரல் பூரா பொடிப்பொடியா காத்துப் பை. ஒவ்வொரு பைக்கும் சுவர் வெங்காயச் சருகைவிட மெல்லிசு. இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். அந்தச் சுவர் அணுவணுவா உயிருள்ள செல்லால ஆனது. பழைய செல் உதிரும், பக்கத்துல இருக்கறது ரெண்டா பிரிஞ்சு அந்த இடத்தை நிரப்பும். கதிர் பட்ட செல் உடனே சாகறதில்லை. பிரியற சக்தியை இழந்துடறது. மூணு, நாலு மாசம் பார்க்க நன்னாத்தான் இருக்கும். உதிர வேண்டிய நேரத்துல உதிரும். நிரப்ப ஆள் இருக்காது.”

“அப்ப அந்த எடம் ஓட்டையாவா கெடக்கு?”

“இல்லை. மயிரிழை ரத்தக்குழாயும் கெட்டுப்போய், அதுலேர்ந்து நீர் கசிஞ்சு பைக்குள்ள எறங்கறது. அதுதான் இருமல், காய்ச்சல். அப்புறம் உடம்பு அங்கே நாரை வச்சு அடைச்சுடறது, ஆறின புண்ணுல தழும்பு கெட்டியா நிக்கற மாதிரி. தழும்பு விரியாது. காத்தை ரத்தத்துக்கு விடாது.”

“தடவி இளக்கலாமா சாமி?”

கல்யாணராமன் அவன் கைகளைப் பார்த்தார். “கை போற எடத்துல இல்லை. என் மருந்தும் போகாது. கதிர் குடுக்காம இருந்தா இந்நேரம் அவ இல்லை. குடுத்ததுக்கு இதுதான் மிச்சம். எனக்கும் வேற வழி தெரியலை.”

யாரையாவது திட்டினால் மனசு கொஞ்சம் ஆறும். சொரிமுத்துவுக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. டாக்டர் போனதும் உள்ளே போய், “சளிதானாம், ஆறிரும்” என்றான்.

தங்கத்தாய் சிரித்தாள். “நீங்க ரெண்டு பேரும் பேசுனது எல்லாம் கேட்டுச்சு. சன்னல் தொறந்துதான கெடந்துது.”

அந்தச் சாரல் முழுவதும் அவன் வேலைக்குப் போனான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஒருநாள் மதுரைக்காரர் ஒருவர் பாறையில் குப்புறப் படுத்தபடி, “இந்த ஊர்க் காத்து இருக்கே, நெஞ்சுக்கு அதைவிட மருந்து கிடையாது” என்றார். சொரிமுத்து “ஆமா அண்ணாச்சி” என்று சொல்லி அழுத்தினான்.

தங்கத்தாய் கடைத்தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்து, வேறு ஆள் சுமந்து வந்த பழத்தை விற்றாள். கூவவில்லை. வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி, மூச்சுக்குக் காத்திருந்து, மூன்றாவதைச் சொல்வாள். அடுத்த வருஷம் அதுவும் முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தாள். மாடத்தி வந்து தலை வாரிவிட்டாள். வாளியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

“ஏட்டி, எதுனாச்சும் வேணுமா?” என்று சொரிமுத்து அடிக்கடி கேட்பான்.

“சும்மா கேக்காதீக. பதில் சொல்ல வேண்டியிருக்கு” என்பாள்.

1941 ஐப்பசி அடைமழையில் அவளுக்குச் சளி பிடித்தது. நல்ல நெஞ்சாக இருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும். உதடு நீலம் பாரித்து, மத்தியானத்தில் அவன் தோளில் சாய்ந்தபடியே அடங்கினாள். கட்டி கடைசிவரை திரும்பி வரவில்லை.

அடுத்த ஆனியில் கல்யாணராமன் வந்து பாறையில் படுத்தார். சொரிமுத்து நெஞ்சில் எண்ணெய் தேய்க்கும்போது, “இப்ப கதிர்க் குழாயைச் சாய்ச்சு வச்சுக் குடுக்கறோம். நுரையீரல்ல அவ்வளவா படாது” என்றார்.

சொரிமுத்து இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டான்.

“திரும்பிப் படுங்க சாமி” என்றான். “முதுகு பாக்கி.”