அப்பா இரண்டாம் முறை கட்டிய தாலி

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் மஞ்சள் மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சல்.

பர்மா சண்டைக்குப் போன அப்பா செத்துவிட்டார் என்று பெரியப்பாவே முடிவுகட்டிக் கருமாதி செய்து, அம்மாவின் தாலியையும் அறுக்க வைத்தார். சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக அப்பா வாசலில் வந்து நின்றார். சொம்போடு ஓடிய என்னைப் பெரியப்பா பிடித்து நிறுத்தினார்.

"கருமாதி பண்ணியாச்சு. மறுபடி தாலி கட்டாம ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

"செரிங்கண்ணா, கட்டறேன். மொதல்ல தண்ணி குடுங்க."

மஞ்சள் வாசனை வீசிய புதுக்கயிற்றை அப்பா வாசலிலேயே கட்டினார். அதற்குள் அவர் சொம்புக்குக் கை நீட்டியதால் முடிச்சை அம்மாவே போட்டுக்கொண்டாள்.

"இனியாச்சும் கூடவே இருப்பீங்களா மாமா?"

"எங்கயும் போவமாட்டேன் சாமி."

அதன்பிறகு சாகும்வரை அப்பா இருட்டுமுன் வீடு வந்துவிடுவார். பெரியப்பாவும் போய்விட்டார். அவர்மேல் கோபப்பட்டே எனக்கு அலுத்துவிட்டது.