ஜாவாய் இழுத்த கயிறு

ரெனாங் ஒரு பொருளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் நீளவீட்டின் பதினான்கு குடும்பத்துக்கும் இது தெரியும். கேட்டு வாங்கிய வலையைச் சேறோடு கொடுப்பான், சட்டியைக் கரியோடு கொடுப்பான். அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஜாவாய் தன் ரம்ப மிஷின் மேல் கிடந்த சாக்கை விலக்கியபோது, மிஷின் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அப்போதே அவள் முகம் மாறிவிட்டது.

"மச்சான் துடைச்சுல்ல குடுத்திருக்காரு," என்றாள்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கயிறு ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. கையை விட்டாள். உள்ளே போகவில்லை, அப்படியே தொங்கியது. பழைய வெள்ளைக் கயிறும் இல்லை. தடித்த பச்சைக் கயிறு, படகு கட்டுகிற கயிறு.

மறுநாள் அவளுடைய முறை. மரம் சாய்க்கும் காலத்தில் நாங்கள் ஒருவர் காட்டுக்கு ஒருவர் போவோம். நீ என் காட்டில் ஒரு நாள் நின்றால் நான் உன் காட்டில் ஒரு நாள் நிற்பேன். யாருக்கு எந்த நாள் என்று எல்லோரும் அறைகளுக்கு முன்னால் நீளும் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து முன்பே பேசிவிடுவோம். உன் நாளில் நீ தயாராக இல்லையென்றால் கூட்டம் அடுத்த ஆளின் காட்டுக்குப் போய்விடும், நீ வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாய். ஜாவாய் கடைசிக்குப் போனால் மூன்று வாரம் ஆகும். அப்போது வெட்டினாலும் இளங்காடு காய்ந்துவிடும், அவளுடைய பெருமரங்கள் நீளவீட்டுத் தலைவர் தீ வைக்கக் குறித்த நாளுக்குள் காயாது. பச்சை மரம் எரியாது, எரியாத காட்டில் நெல் விளையாது. அவளுடைய காடோ இருபது வருஷமாக யாரும் தொடாதது. கோடரியை நம்பினால் ஒரு நாளில் பாதிகூடச் சாயாது. நீளவீட்டில் இருந்த இன்னொரு மிஷின் தலைவருடையது, அதை அவர் மகன் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

அவள் வேறு ஆற்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் கெரினாங்குக்கு மிரி பக்கம் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலை. நாலு மாதத்துக்கு ஒரு முறை வருவான், வந்தால் பத்து நாளும் தூங்குவான். கெட்டவன் இல்லை, ஆனால் நெல்லுக்கு அவனால் உபயோகம் இல்லை. இரண்டு வருஷம் மிளகு விற்ற பணத்தில் ஜாவாய் இந்த மிஷினை வாங்கினாள். படகிலிருந்து அதை அவள் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வந்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெண்கள் மரத்தடிப் புதரான அடிக்காட்டைக் கத்தியால் கழிப்பார்கள், ஆண்கள் மரத்தைச் சாய்ப்பார்கள், அதுதான் வழக்கம். "இனிமே தாடியும் வளர்ப்பியா?" என்று கேட்டவன் ரெனாங். கெரினாங்கின் அண்ணன்.

முதல் வருஷம் அவளுடைய தம்பி வந்து மிஷினைப் பிடித்தான். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம், வரவில்லை. அவளே பிடித்தாள். கடைக்காரனிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அதன் பிறகு யார் சிரித்தார்கள்? சவப்பெட்டிப் பலகையா, கூப்பிடு ஜாவாயை. தலைவர் வீட்டு முகப்புக்கு உத்தரமா, கூப்பிடு ஜாவாயை. வேலைமுறையில் ஆளுக்கு ஆள்தான் கணக்கு. மிஷினை யாரும் ஓர் ஆளாக எண்ணியதில்லை, அவளும் எண்ணச் சொன்னதில்லை. தன் எண்ணெய், தன் சங்கிலி, தன் முதுகு என்று எல்லோர் காட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படிப்பட்டவள் மிஷினைத்தான் இந்தத் தடியன் உடைத்தான்.

உடைத்ததை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மேலே சொல்லிக்கொண்டு போனால் நானும் ரெனாங்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, முறை தொடங்கும் முன்பு, அவன் காட்டில் நான் அவனோடு இருந்தேன். அவன் படகுக்காரன். எங்கள் ஆற்றில் ஆண்பிள்ளைகள் எல்லோருமே படகுக்காரர்கள்தான். படகு மோட்டாரை எப்படி இழுப்போம்? நின்றுகொண்டு, காலைப் படகின் பின்பலகையில் ஊன்றி, கை தோளைத் தாண்டிப் போகிற வரைக்கும் ஒரே இழுப்பு. ரம்ப மிஷினின் கயிறு ஒரு கை நீளம்கூடக் கிடையாது. ஜாவாய் மிஷினைக் கொடுக்கும்போது மூன்று தடவை சொல்லியிருந்தாள், முழுக்க இழுக்காதீர்கள் என்று. அவன் காலைத் தூக்கி மரத்துண்டில் வைத்தான். படகை இழுப்பது போல ஓர் இழு. உள்ளே 'டக்' என்றது. இன்னோர் இழு. கயிறும் அறுந்தது.

"கயிறு மட்டமான கயிறு," என்றான். படகுக் கயிற்றை வெட்டித் திணித்தான். ஓடவில்லை. "உஜாய், அவகிட்ட எதுவும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் படகில்தான் நான் என் மிளகு மூட்டைகளைக் கடைத்தெருவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினோம். மிஷின் சாமான் விற்கிற கடைக்கு நேர் எதிரில் உட்கார்ந்து இரண்டு பேரும் காபி குடித்தோம். ஒரு ஸ்பிரிங், ஒரு முழக் கயிறு. சாலையைக் கடந்தால் போதும். அவன் கடக்கவில்லை, நானும் கடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அதைத் துடைத்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது வியாழன் மத்தியானம். கடைத்தெரு போய்வர ஒரு முழுப் பகல் வேண்டும்.

ஜாவாய் மிஷினைத் தூக்கி வந்து பொதுக்கூடத்தின் நடுவில் பாய்மேல் வைத்தாள். அறைக்குள் வைத்துப் பார்த்திருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் வெளியே கொண்டுவந்தாள். ரெனாங் அந்தப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எப்ப உடைஞ்சுது?"

"எது?"

"உங்க மண்டை. மிஷினைத்தான் கேக்கறேன்."

"நான் குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு. கயிறு கொஞ்சம் நைஞ்சிருந்துச்சு, புதுசு போட்டுக் குடுத்தேன். அதுக்கு ஒரு நன்றி உண்டா?"

அவள் நாலு திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தாள். மூடிக்குள் இருக்கிற கயிற்றுச் சக்கரத்தைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்தில் பாயும் என்று அவளுக்குத் தெரியும். மூடியையும் தன் இரண்டு கைகளையும் ஓர் அரிசிச் சாக்குக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே சக்கரத்தைக் கழற்றினாள். சாக்கு ஒரு தரம் உதறி அடங்கியது. வெளியே எடுத்துக் காட்டினாள். ஸ்பிரிங்கின் உள்முனையில் சக்கரத்தை மாட்டுகிற கொக்கி இல்லை. உடைந்த துண்டு தனியாக விழுந்தது.

"இது நைஞ்சதா மச்சான்? போட்டை இழுக்கிற மாதிரி இழுத்தீங்க. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"மிஷின்னா இழுக்கத்தான் செய்வாங்க. தாலாட்டுவாங்களா?" என்று ரெனாங் சுற்றிலும் பார்த்தான், யாராவது சிரிப்பார்கள் என்று. இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். அவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

தலைவர் பெலாயோங் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சண்டை என்றால் யாரையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லி முடித்துவிடப் பார்ப்பார். "ஜாவாய், விடும்மா. மிஷின் சரியாகி வரட்டும். அடுத்த முறை லாசாவுக்குத்தானே, நாளைக்கு அவன் காட்டுக்குப் போயிடலாம். நீ கடைசியில வச்சுக்க."

"கடைசியில வச்சுக்கிட்டு நான் எதை எரிக்கறது தலைவரே? உங்க முகப்பு உத்தரத்தையா?"

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?"

"விடியிற வரைக்கும் என் முறை என்னோடதுதான். விடிஞ்சப்புறம் பேசுங்க."

ரெனாங் அங்கேதான் வாயை விட்டான். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். "என்னை மட்டும் ஏன் குதறுறே? உஜாயும்தான் கூட இருந்தான். கடைத்தெருவுக்கும்தான் கூட வந்தான். அவன் சொல்லியிருக்கலாம்ல?"

ஜாவாய் என் பக்கம் திரும்பினாள். அவள் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது பதினாறு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"வந்து... அவன் பாத்துக்கறேன்னு சொன்னான்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். என்னை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆட்களுக்கென்று ஊறப்போட்ட அரிசி ஒரு பக்கம், இரண்டு வாரத்துக்கு முன்னால் போட்ட அரிசிக் கள் ஜாடி ஒரு பக்கம், புகையில் தொங்குகிற மீன் ஒரு பக்கம். ஸ்பிரிங்கின் உடைந்த முனையை மட்டும் ஓர் அங்குலம் நெருப்பில் பிடித்தாள். செக்கச்செவேல் என்று ஆனதும் தண்ணீரில் போடாமல் சாம்பலுக்குள் செருகினாள். தண்ணீரில் போட்டால் திரும்பவும் ஒடிந்துபோகும். ஆறியபின் ஓர் ஆணியைச் சுற்றி இடுக்கியால் வளைத்தாள். புதுக் கொக்கி. அடுத்ததாகக் கயிறு. பச்சைக் கயிறு தடிமன், சக்கரத்தில் உட்காராது. சுவரில் கெரினாங்கின் வீச்சுவலை தொங்கியது. அதன் இழுகயிறு சரியான பருமன். கத்தியை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினாள்.

"கெரினாங் கோவிச்சுக்குவான்," என்றேன், ஏதாவது பேச வேண்டும் என்று.

"கோவிச்சுக்கட்டும். அவராவது என் மூஞ்சிக்கு நேரா கோவிச்சுக்குவாரு."

ஸ்பிரிங்கை மூடிக்குள் திருப்பிச் சுற்றி உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. முதல் தடவை பாதி சுற்றியபோது துள்ளி வெளியே வந்து கட்டைவிரலைக் கிழித்தது. பழந்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டாள். இரண்டாவது தடவை சுற்றி முடித்து, சக்கரத்தை வைத்து, கயிற்றைக் கோத்து, இழுத்துப் பார்த்தாள். கயிறு முடிகிற இடத்தில் ஸ்பிரிங்கும் இறுகி முடிந்தது. கொக்கி போட்டதில் ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது. அப்படியே விட்டால் அடுத்த இழுப்பில் திரும்பவும் உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினாள். அந்த நேரத்தில் நான் ரெனாங்கின் கழுத்தைத் திருகியிருப்பேன். திருகிவிட்டு என் கழுத்துக்கும் வந்திருப்பேன்.

கயிற்றில் ஒரு சாண் குறைத்தாள். மறுபடி சாக்கு, மறுபடி சக்கரம். இரண்டு சுற்று முறுக்கு ஏற்றி விட்டாள். இழுத்தாள். கயிறு முழுக்க வந்தபின்னும் சக்கரம் அரைச் சுற்று மிச்சம் திரும்பியது. கையை விட்டாள். கைப்பிடி சட்டென்று உள்ளே போய் மூடியில் முட்டியது. அப்போது சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

பொதுக்கூடத்தில் மிஷினைத் தரையில் வைத்து, ஒரு காலால் மிதித்து, மெதுவாகக் கயிறு பிடிக்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து, சுருக்கென்று ஒரு இழு. ஓடவில்லை. இரண்டு. மூன்றாவதில் அந்தச் சத்தம் பதினான்கு அறையிலும் கேட்டது. நாய்கள் இறங்கி ஓடின. தலைவரைப் பார்த்தபடியே அரை நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினாள்.

"நாளைக்கு என் காடு," என்றாள்.

மறுநாள் எல்லோரும் போனோம். ரெனாங்கும் வந்தான், ஒரு நாள் அவளுக்குத் தர வேண்டியவன்தானே. "நீ குடு, நான் அறுக்கறேன்," என்று கையை வேறு நீட்டினான். அவள் கோடரியை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அவளுடைய காடு முழுவதும் படுத்துவிட்டது.

ஐந்து நாள் கழித்து என் முறை. என் காட்டின் நடுவில் ஒரு பெரிய மரம் உண்டு, மூன்று பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாது. விடியற்காலை எல்லோருக்கும் முன்னால் ஜாவாய் வந்து நின்றாள். தலைக்குத் துணி, இடுப்பில் கத்தி. தோள் காலியாக இருந்தது.

லாசா கேட்டான், "அக்கா, மிஷின் எங்க?"

"வீட்ல இருக்கு."

"ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு. இவர் என் காட்டுல ஒரு ஆளா ஒரு நாள் நின்னாரு. நானும் ஒரு ஆளா வந்திருக்கேன்."

அண்ணே என்று சொல்லவில்லை. இவர் என்றாள். நான் அவளிடம் என்ன கேட்க முடியும்? மிஷினை எடுத்து வா என்றா? கோபம் வந்தது, அவள் மேல் வரவில்லை, ரெனாங் மேலும் வரவில்லை. ரெனாங் உடைத்தான், எல்லோர் முன்னாலும் வசவு வாங்கினான். மறுவாரம் அவன் கேட்டபோது, இழுக்கும் விதத்தைப் பத்துத் தடவை செய்துகாட்டச் சொல்லிவிட்டு மிஷினை அவனுக்குக் கொடுக்கவும் செய்தாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அவள் ஒரு நிமிஷம்கூட ஏமாற்றவில்லை. இருட்டுகிற வரைக்கும் குனிந்த முதுகு நிமிராமல் அடிக்காட்டைக் கழித்தாள். நான் பதினைந்து அடி தள்ளி நின்று அந்த மரத்தைக் கோடரியால் வெட்டினேன். கை கொப்புளித்துத் தோல் உரிந்தது. மரத்தில் ஒரு முழ ஆழத்துக்குக்கூடப் பள்ளம் விழவில்லை. போகும்போது அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, "என் நாள் முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வருஷம் மரத்தைச் சுற்றித்தான் நெல் விதைத்தேன். அதன் நிழல் விழுந்த இடமெல்லாம் பதர்.