பட்டை எட்டாத கைகள்

தெருமுனையில் ஒற்றை மெஷின் போட்டுப் பத்தொன்பது வருடமாகப் பெண்களுக்குத் தைத்துக்கொடுக்கும் தையல்காரிக்கு ஒரு கர்வம் உண்டு. யாருக்கு எத்தனை அங்குலம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அளவு நோட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். "புருஷனே வந்து கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்" என்பாள். வந்து கேட்ட புருஷர்களும் உண்டு.

மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அந்தப் பகுதிப் பெண்களிடம் ரத்த அழுத்த ஆய்வு தொடங்கியபோது, தெருவாசிகளில் நாலு பேரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அவளும் ஒருத்தி. மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, கருத்துச் சொல்ல வேண்டும். முதல் மூன்று கூட்டங்களில் அவள் சொன்ன ஒரே கருத்து, டீயில் சர்க்கரை தூக்கல் என்பதுதான்.

நாலாவது மாதம், ஆய்வு முகாமில் அவளுடைய நாத்தனாருக்குப் பிரஷர் நூற்று அறுபத்தைந்து என்று வந்தது. நாத்தனார் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். இரண்டு வாரத்தில் உடல்தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இந்த எண்ணைப் பார்த்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

"எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாதே அண்ணி" என்று முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரி முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பிரஷர் பட்டை முழுசாகச் சுற்ற எட்டாமல், பிய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"டாக்டரம்மா, இது இவ கைக்குப் பத்தலையே. இப்படி இறுக்கிப் பிடிச்சா யாருக்குத்தான் ஏறாது?"

டாக்டர் குனிந்து பார்த்தார். சங்கடமாகச் சிரித்தார். "சரிதான். சின்னப் பட்டை போட்டா கூடத்தான் காட்டும். ஆய்வுக்கு வாங்கினதெல்லாம் இதே அளவு. பெருசா வாங்கணும்னா எத்தனை பேருக்கு வேணும்னு மேலிடத்துல கேப்பாங்க. எல்லார் கையையும் அளந்து முடிக்க ரெண்டு மாசமாகும்."

"அளவு என்கிட்டயே இருக்கு." சொன்ன பிறகுதான் தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப நோட்டைக் குடுங்களேன்."

"அது முடியாது."

நாத்தனாருக்கு எரிச்சல் மூண்டது. "என் வேலை போகப்போகுது. நீங்க என்னமோ புதையலக் காக்குற மாதிரி..."

"உன் அளவை வேணா இப்பவே தர்றேன். மத்தவங்களோடது என் சொத்தில்லடி."

அன்று சாயங்காலமே, கையளவைக் கொடுக்கலாமா என்று கேட்டு வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தாள் தையல்காரி. "கை மட்டும்தானே? இடுப்புக்குப் போகாதே?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு அங்குலம் குறைச்சு எழுதேன்" என்றாள் இன்னொருத்தி. "குறைச்சா மறுபடி பட்டை பத்தாது, பரவாயில்லையா?" என்றதும் அவள் அடங்கினாள். பதினோரு பேர் மறுத்தார்கள். அவர்களிடம் தையல்காரி வாதாடவில்லை. மீதி நூற்று எழுபத்து நாலு பேரின் கைச்சுற்றைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அறுபத்தெட்டுக் கைகள் பட்டைக்கு அடங்காதவை.

"ஒவ்வொருத்தரையும் கேட்டு, பேரை விட்டுட்டு எழுதணும்னு உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா?" என்றார் டாக்டர்.

"அடிபட்டுக் கத்துக்கிட்டேன். ஒரு தடவை ஒருத்தி அளவை இன்னொருத்திகிட்ட உளறிட்டேன். ஆறு மாசம் கடையில ஈ ஓட்டினேன்."

பெரிய பட்டைகள் வந்து சேர்ந்தது பதினாலாம் நாள் மதியம். நாத்தனாரின் பழைய சான்றிதழுக்கு அன்றுதான் கடைசி நாள். புதுப் பட்டை கையைச் சுற்றி வளைத்து, கொஞ்சம் மிச்சமும் வைத்தது. நூற்று முப்பத்து நாலு. சந்தேகம் வேண்டாமென்று டாக்டர் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு.

"உப்பைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நாத்தனார் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போடி" என்றாள் தையல்காரி.

"ராத்திரி சொல்றேன் அண்ணி. பள்ளிக்கூடம் விட இருபது நிமிஷந்தான் இருக்கு" என்றவள், சுருட்டி விட்ட சட்டைக்கையை இறக்கிவிடக்கூட நிற்காமல் வாசலைத் தாண்டியிருந்தாள்.