செண்பகம் என்ற வெள்ளைக்காரி

யாரோ எடுத்த படத்துக்கு நம் வாயால் விளக்கம் சொல்லிப் பிழைப்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாகப் பதில் சொல்லுகிற மாதிரியான வேலை. கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசிச் சம்பளம் வாங்கியவர்கள் இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களும் தெரியாத சங்கதிக்குத் தெரிந்த மாதிரி விளக்கம் சொல்லி எங்காவது ஒருதரம் மாட்டியிருப்பீர்கள். அந்தப் பாவத்துக்காகவாவது கொஞ்சம் கேளுங்கள்.

யுத்த காலத்தில் சர்க்கார் ஒரு மோட்டார் வண்டியில் படம் காட்டும் மிஷினை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. பட்டாளத்துக்கு ஆள் சேர வேண்டும், ஜனங்கள் வதந்தியை நம்பக் கூடாது என்பதற்காக. வண்டி ஓட்டுவதும் மிஷினைச் சுற்றுவதும் அந்தோணி அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். அவர் வாயைத் திறப்பது அபூர்வம். பேசுவதற்கென்று என்னை வைத்திருந்தார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரு குட்டிப் படம். கால் மணி நேரம் ஓடும். நிஜமாக நடந்ததை அப்படியே எடுத்தது என்று அதிகாரி சொன்னார். பனி கொட்டுகிற ஏதோ ஒரு சீமை. ஒரு பையனும் ஒரு பெண்ணும் பூங்காவில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். குண்டு விழுகிறது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு நடக்கிறது. ஸ்டேஷனில் பெண் ரயிலில் ஏறிவிடுகிறாள், ஜன்னலில் முகத்தை வைத்து அழுகிறாள், பையன் பிளாட்பாரத்தில் ஓடுகிறான். அத்தோடு ரீல் முடிந்துவிடும். பேச்செல்லாம் இங்கிலீஷ். அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் குறைத்ததும் நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும்.

என்ன முறை?

முதல் ஆட்டம் தென்காசியில். திடல் நிறையக் கூட்டம். பூங்காவில் இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள், "அந்தப் பையனுக்கு அந்தப் பிள்ள என்ன முறை வேணும்?" நான் உள்ளதைச் சொன்னேன்: காதலர்கள். சொன்னதுதான் தாமதம், பெண்கள் பக்கம் பாயைச் சுருட்டுகிற சத்தம். குமரிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். "அதாவது, சொந்த அத்தை மகள்" என்று மைக்கில் அவசரமாகச் சொன்னேன். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

படம் முடிந்தது. ரயிலைப் பிடித்தானா இல்லையா என்று அதே அம்மாள் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை மவள்னு நீருதான சொன்னீரு? காலாகாலத்துல கட்டி வச்சிருந்தா ரெண்டு பேரும் ஒரே பெட்டியில ஏறியிருப்பாங்கல்லா?"

ஓடினவன்

மறுநாள் காலையில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் நின்றான். கறுத்து மெலிந்த உடம்பு, சுருட்டை முடி. "நேத்து படத்துல ஓடுனது நான்தான்" என்றான். படத்தில் ஓடினவன் வெள்ளைக்காரன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "ஆளு வேற. ஓட்டம் என்னோடதுதான்" என்றான்.

பேர் மாடசாமி. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. அதே மில்லில் தராசு பார்த்த சங்கரலிங்கத்தின் மகள் செண்பகம். தெருக்குழாயடியில் ஆரம்பித்த பழக்கம். கட்டிக் கொடுக்கத் தகப்பனாரும் சம்மதித்திருந்தார். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. தகப்பன், தாய், மகள், இவன், நாலு பேருமாகக் காட்டு வழியாக நடந்திருக்கிறார்கள். வழியில் வாந்திபேதியில் தகப்பனார் போய்விட்டார். இவனே கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்திருக்கிறான். இந்தியாவுக்குள் வந்து ஒரு ஸ்டேஷனில் பெண்களை ரயிலில் ஏற்றினார்கள். இவன் குடிதண்ணீர் பிடிக்கப் போனான். ரயில் கிளம்பிவிட்டது.

அவள் ஊர் எது என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். அவள் ரங்கூனில் பிறந்தவள். "எங்க ஊருக்குப் போனா குத்தாலத்துச் சாரல் முத்தத்துல விழும்" என்று அவள் அப்பா சொல்லுவாராம். ஊர்ப் பேரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தென்காசியைச் சுற்றிச் சாரல் விழாத முற்றம் எது? மைக்கில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கும்பிட்டான். சர்க்கார் மைக்கில் தனி ஆள் சங்கதி பேசினால் வேலை போய்விடும் என்றேன். அவன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். மிஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தோணி அண்ணாச்சி, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "படத்துல உள்ள பிள்ளைக்குப் பேரு இல்லல்லா? வச்சிரும்வே."

தலை ஏன் நரைத்தது?

மாடசாமியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். ஆலங்குளத்தில் அந்தச் சீமைப் பெண் செண்பகம் ஆனாள். பூங்கா ரங்கூன் பூங்கா ஆனது. பையன் அரிசி மில் மாடசாமி. நான் சரளமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பெண்ணின் தங்க நிறக் கூந்தல் வெள்ளை வெளேரென்று தெரியும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. "சின்னப் பிள்ளைங்கீரு, தல ஏன் நரைச்சுக் கெடக்கு?" என்று ஒருவர் கேட்டார். நடந்து வந்த கவலை என்றேன். கூட்டம் உச்சுக்கொட்டியது.

அடுத்து பனி. பனி என்றால் காலையில் புல் நுனியில் இருப்பது, இது முழங்கால் மட்டும் கிடக்கிறதே என்று உழுது பயிரிடுகிற ஒரு சம்சாரி எழுந்து நின்றார். ரங்கூனில் பனி கொட்டாது என்று மாடசாமி வேறு என் காதில் ஓதினான். வேறு வழியில்லாமல், அது பருத்தி, வெடித்துக் காற்றில் பறக்கிறது என்று சொல்லிவிட்டேன். சம்சாரி கடைசி வரை உட்காரவில்லை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் அதன் நடுவே நடந்துபோவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆறவில்லை. "இம்புட்டு வெள்ளாமையப் போட்டுட்டு எவனாவது துணி மூட்டையத் தூக்கிட்டுப் போவானாவே? ஆளுக்கு ஒரு சாக்கு அள்ளிட்டுப் போகச் சொல்லும்."

எலுமிச்சங்காய்க் கமிஷன்காரர்

புளியங்குடியில் முதல் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் பல் விளக்கி முடிக்கவில்லை, எலுமிச்சங்காய் மண்டிக்காரர் ஒருவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அவர் மகள் பேரும் செண்பகம். தெருவில் இன்னும் சில செண்பகங்கள் உண்டு. ஆனால் அன்றைக்குப் பெண் பார்க்க வருவது இவர் மகளை. விடிந்ததிலிருந்து போகிறவர் வருகிறவரெல்லாம், உம்ம மக எப்ப ரங்கூன் போனா, எப்ப வந்தா, அந்த மில்லுக்காரப் பையன் யாரு என்று கேட்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் நேற்று கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

நான் மாடசாமியைத் தள்ளி அழைத்துப் போய், அவன் தேடுகிறவளுக்கு அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இடது கையில் இட்லிக் கொப்பரை சுட்ட வடு உண்டு என்றான். அன்று சாயங்காலம் தகப்பன் பேர், தராசு வேலை, இடது கை வடு, எல்லாவற்றையும் சேர்த்து, இது இந்த ஊர்ச் செண்பகம் அல்ல என்றும் அழுத்திச் சொன்னேன். கூட்டம் முழுவதும் கழுத்தை நீட்டி அந்த வெள்ளைக்காரியின் கையையே பார்த்தது. அவளோ மணிக்கட்டு வரை மூடிய கம்பளிக் கோட்டில் இருந்தாள். மண்டிக்காரர் திருப்தியாக எழுந்தார். போகும்போது என் தோளில் தட்டிச் சொன்னார்: "எம் மவ தப்பிச்சா, சந்தோசம். ஆனா கைய மூடிக் கோட்டைப் போட்டுவிட்டா அந்தப் பையன் வடுவ எங்கன போயிப் பாப்பான்?"

அதிகாரி வந்த அன்று

கடையநல்லூரில் சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டணத்துக்காரர், கண்டிப்பானவர். ஒழுங்கு மரியாதையாக, "தூர தேசத்தில் ஒரு பெண்..." என்று ஆரம்பித்தேன். பக்கத்து ஊர்களில் பார்த்துவிட்டு மறுபடி பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர். "செண்பகம்னு சொல்லும்வே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பேரை ஏன் முழுங்குதீரு? மாடசாமிய எங்க காணோம்?" என்று இன்னொரு குரல். மாடசாமி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். நான் மென்று விழுங்க, அவர்களே ஆளுக்கு ஒரு வரியாகக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அதிகாரி என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "ஜனங்களா வச்சுக்கிட்ட பேரு, சார்" என்றார் அண்ணாச்சி. அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. தன் உத்தியோக காலத்தில் எந்தப் படமும் ஜனங்கள் மனதில் இப்படி இறங்கியதில்லை என்று எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். கார் கதவைச் சாத்தின பிறகு கண்ணாடி வழியாக என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி. அந்தப் பனியில அரிசி மில்லு எப்படி வந்துச்சு?"

எல்லைச் சாவடி

செங்கோட்டைப் பக்கம் அப்போது திருவாங்கூர் சமஸ்தானம். அந்தப் பக்கத்து ஊர்களிலும் சாரல் விழும் என்று மாடசாமி நச்சரித்ததால் எல்லைச் சாவடி வரை போனோம். மேலே இருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி உள்ளே வரக்கூடாது என்றார் காவல்காரர். நியாயம்தான். ஆனால் மனுஷருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வழிமறிப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு, மைக் இல்லாமல், படம் இல்லாமல், ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பின்னால் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வண்டிக்காரர்கள் இறங்கி வந்து கேட்டார்கள். புளியறைக்குப் போகிற ஒருவர், வடு எந்தக் கையில் என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கதை முடிந்ததும் காவல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பைத் தூக்கி மாட்டுவண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார். கடைசியில் எங்கள் முன்னால் கம்பை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பக் கையைக் காட்டிச் சொன்னார்: "கதை கடந்நாச்சு சாரே. வண்டி மாத்திரம் திரிச்சுக்கோ."

ஒரு திருத்தம்

பிறகு குற்றாலம். நல்ல சீசன். அருவிச் சத்தத்துக்கு முன்னால் என் மைக் எடுபடவில்லை. தலையில் எண்ணெய் வழியக் குளிக்கப் போன கூட்டமும், குளித்துவிட்டு வந்த கூட்டமும் ஈரத்துண்டோடு நின்று பார்த்தன. சாரலில் திரைத்துணி நனைந்து தொங்கியது. படம் முடிந்து கூட்டம் கலையும்போது, ஒரு இளம்பெண் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். பின்னால் வெள்ளைச் சேலையில் அவள் அம்மா. குடை பிடித்த இடது கையில் நீளமாக ஒரு வடு.

"விளக்கம் சொல்லுதது நீங்கதானா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

"ரயில் கெளம்புறப்ப நான் அழுதேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? புளியறை பூரா அதையே சொல்லுதாங்க. நான் எங்க அழுதேன்? பானையக் கீழ போட்டுட்டு ஓடி வாங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். அந்த மனுசன் தண்ணி தளும்பாம ஓடுதாரு. அப்படி ஓடுனா எந்த ரயிலப் பிடிக்க முடியும்?"

திரைக்குப் பின்னால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த மாடசாமி கையை விட்டுவிட்டான். நனைந்த துணி மொத்தமும் அவன் மேலேயே விழுந்தது. அதற்குள்ளிருந்து வழி தெரியாமல் தடவித் தடவி வெளியே வந்தான். இத்தனை ஊரில் இவளைத் தேடினவன், இவளைப் பார்த்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றாள். யாராவது பேச வேண்டுமே என்று எனக்குத் தவிப்பு. பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசியில் மாடசாமிதான், அவளிடம் இல்லை, அம்மாவிடம் சொன்னான். "மாமா போனதுல இருந்து நீங்க ஒரு வாய் சோறு கேக்கல, தண்ணி கேக்கல. அன்னைக்குத்தான் வாயத் தெறந்து தண்ணின்னு கேட்டீங்க. அத எப்படிக் கீழ போடுவேன்?" செண்பகம் அப்போதுதான் அழுதாள். அந்த அம்மாள் கிட்டே வந்து, சேலை முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே, "அப்புறம் அந்தத் தண்ணிய என்னய்யா செஞ்ச?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "ரயிலு போன பொறவு நான்தான் குடிச்சேன், அத்தை."

ஆவணியில் புளியறையில் கல்யாணம். நானும் அண்ணாச்சியும் வண்டியை எல்லையில் நிறுத்திவிட்டு நடந்தே போய்ச் சாப்பிட்டு வந்தோம். அதற்குப் பிறகும் அதே படத்தோடு எத்தனையோ ஊர் சுற்றினேன். ஆனால் ஒன்று, அந்த வண்டியில் தொண்டை வறளக் கத்தின காலம் பூராவும் பட்டாளத்துக்கு நான் ஒரு ஆள் சேர்த்ததாகத் தகவல் இல்லை, கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை சேர்த்துக் கொடுத்ததற்கு மட்டும் புளியறையில் சாட்சி இருக்கிறது.