பெட்டி பிரிக்காத ஆறு குழாய்கள்

விமலநாதனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பீலெஃபெல்ட்டில் உலோக உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் நின்றபடி வேலை செய்தவர். லீவு நாட்களிலும் ஏதாவது ஒரு சுவருக்கு நிறம் பூசுவார், இல்லையென்றால் யாருடைய சைக்கிளையாவது கழற்றிப் பூட்டுவார். 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். கடைசி விதியை மட்டும் விமலநாதன் மீறவேயில்லை.

மனைவி ரஞ்சினிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. விடிய முன்னம் போய்ப் பின்னேரம் மூன்று மணிக்கு வருவாள். வரும்போது வீட்டில் ஏதாவது இடம் மாறியிருக்கும்.

“இஞ்சேருங்கோ, மிளகாய்த்தூள் எங்க?”

“மேல் தட்டில. கூடப் பாவிக்கிறது கீழ, குறையப் பாவிக்கிறது மேல எண்டு அடுக்கியிருக்கிறன்.”

“மிளகாய்த்தூள் குறையப் பாவிக்கிறதோ?”

“எனக்குக் காரம் குறைக்கச் சொல்லியிருக்கினம்.”

ரஞ்சினி கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறித் தூளை எடுத்தாள். அன்றைக்கே டார்ம்ஸ்டாட்டில் படிக்கும் மகள் அஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்து, “உங்கட அப்பாவுக்கு ஒரு வேலை தேடிக் குடு, இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்” என்றாள்.

அஜிதா தன் பழைய கணினியை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். அடுத்த நாள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, வீட்டில பாவிக்காத சாமான் எவ்வளவு கிடக்கு! இன்ரநெற்றில ஏலத்துக்குப் போடுங்கோவன். படம் எடுத்து, நாலு வரி எழுதினாக் காணும். ஏழு நாளைக்குள்ள சனம் கேட்டு வாங்கும்.”

“ஆர் பிள்ளை எங்கட பழைய சாமானை வாங்கப் போகினம்?”

“போட்டுப் பாருங்கோ.”

முதலில் போட்டது வாஃபல் சுடும் இயந்திரம். தொழிற்சாலையின் கிறிஸ்மஸ் விருந்துச் சீட்டிழுப்பில் அவருக்கு விழுந்தது. ஆறு வருடமாக அலுமாரிக்கு மேல் இருந்தது. பின்னணி அழகாக இருக்கட்டும் என்று தான் இடுப்பில் உடுக்கும் புதுச் சாரத்தை மேசையில் விரித்து, அதன்மேல் இயந்திரத்தை வைத்துப் படம் எடுத்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினார்: மிக நல்ல இயந்திரம். நான் முதுகு வருத்தக்காரன். அதனால் விற்கிறேன்.

அஜிதா அதைத் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தாள். “அப்பா, ஏன் விக்கிறீங்கள் எண்டு எழுதத் தேவையில்லை. கீறல் இருந்தா அதை எழுதுங்கோ. ஒளிச்சா வாங்கின ஆக்கள் பிறகு எங்களைப் பற்றிக் கூடாமல் எழுதுவினம்.”

இயந்திரத்தின் அடியில் நகத்தளவு கீறல் ஒன்று இருந்தது. அவர் அதற்கும் தனியாக ஒரு படம் போட்டார். ஒரு யூரோவில் ஏலம் தொடங்கியது.

அந்த ஏழு நாளும் அவர் கணினிக்கு முன்னால் நின்றார். ஒரு முறை பார்ப்பார், யன்னலடிக்குப் போவார், திரும்பி வந்து பார்ப்பார். ரஞ்சினி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே செய்தி சொல்லுவார்.

“ஒம்பது பேர் பாக்கினம்.”

“பாத்து?”

“பாக்கினம்.”

நாலாம் நாள் ஒரு பெண் கேள்வி அனுப்பியிருந்தாள். கட்டம் போட்ட அந்த மேசைவிரிப்பும் இயந்திரத்தோடு சேர்த்தா? விமலநாதன் அரை மணித்தியாலம் யோசித்து, இல்லை, அது என் உடுப்பு என்று பதில் எழுதினார்.

இயந்திரம் பதினோரு யூரோவுக்குப் போனது. பார்சலின் நிறையைப் பார்க்காமல் தபால் செலவைக் குறைத்துப் போட்டதில் பாதிக் காசு தபாற்கந்தோரிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பார்சல் அனுப்பி ஐந்தாம் நாள், வாங்கியவர் எழுதிய ஒற்றை வரி வந்தது: எல்லாம் அருமை, மறுபடியும் இவரிடம் வாங்குவேன். அந்த வரியை ரஞ்சினிக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். தொழிற்சாலையில் பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அவருக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சாமானும் நிம்மதியாக இருக்கவில்லை. அஜிதாவின் சில்லுச் சப்பாத்து போனது. பழைய தொலைபேசி, பாண் சுடும் பெட்டி, சீஸ் உருக்கும் சட்டி, இரண்டு மேசை விளக்கு எல்லாம் போயின. சுப்பர்மார்க்கெட்டில் வாழைப்பழப் பெட்டி கேட்டு வாங்கி வருவார். இலவச விளம்பரப் பத்திரிகைகளைக் கசக்கி உள்ளே அடைப்பார். சில்லுப் பூட்டிய சந்தைப் பையில் பார்சலை இழுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போவார். ரஞ்சினிக்கும் அது பிடித்திருந்தது. சலவைப் பகுதியில் அவளோடு வேலை செய்யும் ஞானமலருக்கு, இடைவேளையில் அங்கிருந்த கணினியில் அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டுவாள். “இஞ்ச பார், எங்கட மனுசனுக்கு இருபத்தாறு பேர் நல்லா எழுதியிருக்கினம்.”

ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். மறுபடி சண்டை. விமலநாதனின் தமையன் குடும்பம் கோண்டாவிலில் இருந்தது. தொலைபேசி எடுத்தால் மணி அடிக்காது, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். அவர் எண்ணை அழுத்துவார், வைப்பார், கணினியில் செய்தி பார்ப்பார், ஏலத்தைப் பார்ப்பார், திரும்பவும் எண்ணை அழுத்துவார். பதினொரு நாளுக்குப் பிறகு தமையனின் குரல் கேட்டது. சாமான் விலை ஏறிவிட்டது, மற்றபடி இருக்கிறோம் என்றார் அவர். விமலநாதன் கொஞ்சம் ஆறுதலானார். ஆனாலும் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. விற்கிறதற்கும் வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அப்படித்தான் ஒரு நாள் அவர் நிலவறைக்கு இறங்கினார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அந்தப் பெட்டிகள் இருந்தன.

2003இல், சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம், அவர்கள் இருவரும் ஊருக்குப் போய் ரஞ்சினியின் காணியைப் பார்த்தார்கள். மேசன் ஒருவரைக் கூப்பிட்டு வரைபடமும் கீறுவித்தார்கள். நாலு அறை, இரண்டு குளியலறை. திரும்பி வந்ததும் ஒரு கடையில் மலிவு விற்பனை போட்டிருந்தார்கள். ரஞ்சினி அங்கே ஒரு மணித்தியாலம் நின்று, காட்சிக்கு வைத்திருந்த தண்ணீர்க் குழாய்கள் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்து ஆறு குழாய்கள் தெரிந்தெடுத்தாள். பிறகு பன்னிரண்டு கதவுக் கைபிடிகளும் வாங்கினார்கள். அடுத்த வருட முடிவில் கப்பலில் அனுப்புவதாக இருந்தது. அந்த டிசம்பரில் சுனாமி வந்து கடல் பொங்கியது. அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். இப்போது பாதையும் இல்லை.

விமலநாதன் குழாய்ப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தார். பளபளவென்று இருந்தது. ரஞ்சினியிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கேட்பதென்றால், வீடு கட்டப்போவதில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதை இரண்டு பேரும் அதுவரை சொன்னதில்லை. அவர் கேட்காமலே படம் எடுத்தார். ஆறு குழாய்கள், புதியவை, பெட்டியோடு.

இரண்டு பேர் விடாமல் ஏலம் கேட்டார்கள். ஒருவர் ‘பழைய வீடு 1908’ என்று பெயர் வைத்திருந்தார். மற்றவரின் பெயர் ‘பனிப்பூ’. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஏலம் முடிவதாக இருந்தது. ரஞ்சினி ஞானமலர் வீட்டுக்குப் போய்விட்டு வாறன் என்று மத்தியானமே வெளிக்கிட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று விமலநாதன் நினைத்தார்.

கடைசிப் பத்து நிமிடமும் அவர் நின்றுகொண்டே பார்த்தார். பழைய வீடு ஐந்து யூரோ கூட்டும், பனிப்பூ உடனே அதற்குமேல் போகும். கடையில் கொடுத்த விலையையும் தாண்டியது. “விடாதை, விடாதை” என்று கணினியைப் பார்த்துச் சத்தம் போட்டார். பனிப்பூதான் வென்றது. துள்ளியதில் முதுகு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி, வென்றவரின் விலாசத்தைத் திறந்து பார்த்தார். ஞானமலர், ஷில்டெஷ, பீலெஃபெல்ட்.

ஞானமலர் ஊரில் வீடு கட்டப் போகிறாளா? இந்தச் சண்டைக்குள்ளேயா? ரஞ்சினி வந்ததும் கேட்கவும் முடியவில்லை, கேட்டால் குழாய் விற்றது வெளியே வரும். அவள் வந்து, முகம் கழுவி, புட்டுக்குத் தேங்காய் துருவினாள். வழமைக்கு மாறாக ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை, பெட்டிகளைச் சந்தைப் பையில் அடுக்கி இழுத்துக்கொண்டு, தாங்கள் இருந்த பிறாக்வேடவில் ட்ராம் ஏறினார். ஞானமலருக்கு அந்தக் கிழமை பின்னேர வேலை. கதவைத் திறந்தவள் பையைப் பார்த்ததும் வாயைப் பொத்தினாள்.

“அண்ணை, நீங்கள் ஏன் கொண்டு வந்தனீங்கள்?”

“தபாலில அனுப்புறதிலும் பாக்க இது லேசு. ஏன் தங்கச்சி, ஊரில வீடு கட்டுறீங்களோ?”

“எனக்கேன் அண்ணை ஆறு பைப்? ரஞ்சினி அக்காதான் என்ர கணக்கால கேட்டவ. நேற்று இதில இருந்து, மற்ற ஆள் விலையைக் கூட்டக் கூட்ட அழுது அழுது கேட்டவ. அவ உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

விமலநாதன் திரும்பவும் ட்ராமில் ஏறினார். இடம் இருந்தும் உட்காரவில்லை. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு ரஞ்சினி கதவைத் திறந்தபோது பெட்டிகள் வாசலுக்கு உள்பக்கம் இருந்தன. அவள் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றாள்.

“நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

“நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?”

“பாத்தவுடன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சொந்தச் சாமானைச் சொந்த ஆக்கள் ஏலம் கேக்கக்கூடாது ரஞ்சினி. கண்டுபிடிச்சா என்ர கணக்கைப் பூட்டிப்போடுவாங்கள்.”

“பூட்டட்டும்.” அவள் குரல் உயர்ந்தது. “உங்கட இருபத்தாறு பேரைக் காட்டத்தான் ஞானமலரைக் கூப்பிட்டனான். திறந்தா என்ர பைப்புகள் நிக்குது. அவள் பக்கத்தில நிண்டு பாக்கிறாள். நான் என்ன சொல்ல? எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு எனக்குத் தெரிய வேணுமோ?”

விமலநாதன் சமையலறை வரை போய்த் திரும்பி வந்தார்.

“வீடு கட்ட ஏலாது ரஞ்சினி.”

“தெரியும். பாதை பூட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும். உங்களிட்ட இருந்து அதைக் கேக்க வேணும் எண்டுதான் இருந்தனான்.”

அவள் அப்போதுதான் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்தார், முதுகு விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

விற்பனையை ரத்துச் செய்து, தளத்துக்குச் சேரவேண்டிய கட்டணத்தையும் கட்டினார்கள். குழாய்கள் நிலவறைக்குத் திரும்பின. இரண்டு கிழமை விமலநாதன் கணினியைத் தொடவில்லை. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் நடந்த நடையைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரி வந்து முறைப்பாடு சொன்னாள்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ரஞ்சினி தானே போய்க் குழாய்ப் பெட்டிகளை மேலே தூக்கி வந்தாள்.

“போடுங்கோ. ஆனா வந்து எடுத்துக்கொண்டு போறவைக்குத்தான் குடுப்பன். ஆர் கொண்டு போகினம் எண்டு நான் பாக்கவேணும்.”

“கைபிடி?”

“அது கிடக்கட்டும்.”

இந்த முறை ‘பழைய வீடு 1908’ பெரிய போட்டியில்லாமல், முந்திய விலையில் பாதிக்கு வென்றது. லோமான் என்ற மனிதரும் அவருடைய மனைவியும் கூட்டர்ஸ்லோவிலிருந்து காரில் வந்தார்கள். இரண்டு பேரின் கைகளிலும் சுவர்ப் பூச்சு ஒட்டியிருந்தது. ரஞ்சினி தேத்தண்ணியும் பொரித்த றோல்சும் வைத்தாள். பெட்டியைப் பிரித்து, பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர் என்று காட்டினாள்.

“அழகாகத் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள்” என்றாள் அந்தப் பெண். “ஏன் உங்கள் வீட்டில் பூட்டவில்லை?”

“வீடு கட்டவில்லை” என்றாள் ரஞ்சினி, ஜெர்மனில்.

அந்தப் பெண் மேலே ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் இன்னொரு றோல்ஸ் எடுத்துக்கொண்டாள். தங்களுடைய குளியலறையில் கோடையிலிருந்து வாளியில்தான் தண்ணீர் அள்ளுகிறோம் என்று லோமான் சொன்னார். ரஞ்சினி சிரித்துவிட்டாள். அவர்களோடு கீழே இறங்கி, கார் திரும்பும் வரை வாசலில் நின்றாள்.

அன்று தொடங்கி ஏலப் பக்கத்தை அவளும் பார்க்கத் தொடங்கினாள். படம் எடுப்பதில் அவளுக்குப் பொறுமை இருந்தது. வருட முடிவுக்குள் சலவைப் பகுதிப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாமான்களையும் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜனவரியில் விமலநாதனுக்குத் தொழிற்சாலை வாசலில், வந்து போகிறவர்களைப் பதியும் அறையில் வேலை கொடுத்தார்கள். இருந்து செய்யும் வேலை. மெத்தை போட்ட நல்ல கதிரை. அவர் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி வெளியே போய், வரும் லொறிகளின் இலக்கங்களை நின்றே எழுதினார். மூன்று மணி தாண்டியதும் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்.

“அந்தக் கோப்பைச் செற்றுக்கு ஆரும் கேட்டவையோ?”

“நாலு பேர் பாக்கினம். வையுங்கோ, நான் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறன்.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு நடந்தார். லொறி ஒன்றும் வரவில்லை.