கல்பாலத்தில் தோள் மாறியபோது

நறுவிலிக்குளத்தில், எங்கள் மகனின் கல்லறைக்கு அருகில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது என் மனைவியின் கடைசி விருப்பம். நாங்கள் பள்ளிமுனையிலிருந்து புறப்பட்டோம். வழியிலிருந்த பழைய கல்பாலத்தை அன்று வெள்ளம் மூடி ஓடியது. வாகனம் போகாது; நீரும் ஏறிக்கொண்டிருந்தது. சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினோம். தூக்கிய பெட்டியை வழியில் இறக்குவது எங்களிடையே வழக்கமில்லை.

நடுப்பாலத்தில் நீர் முழங்காலைத் தொட்டது. முன்னால் சென்றவரின் கால் வழுக்க, பெட்டி என் பக்கம் சாய்ந்தது. இறக்கினால் வெள்ளம் இழுத்துவிடும் என்பதை அறிந்தும், “இறக்குவம்” என்றேன்.

“என்ன கதை கதைக்கிறீங்கள், அத்தான்? அக்கா இருக்கேக்கை ஆரையும் ஓய்ஞ்சிருக்க விட்டவவே?” என்றான் மைத்துனன், பல்லைக் கடித்தபடி. எவரும் சிரிக்கவில்லை.

அக்கரையில் உழவு இயந்திரத்தோடு நின்ற முஸ்லிம் விவசாயி ஒருவர் வெள்ளத்தில் இறங்கி வந்தார். எங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாதவர்.

“விடுங்கோ ஐயா, நான் பிடிக்கிறன்” என்று தம் தோளைக் கொடுத்தார்.

பெட்டி நிமிர்ந்து நகர்ந்தது. நான் பின்னால் நடந்தேன். பாரம் நீங்கினால் ஆறுதல் வரும் என்றே நினைத்திருந்தேன். வெறுந்தோளோடு கரையேறியபோதுதான் அவள் இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது.