அரைநாள் டீச்சர்

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றார். அரியலூர் கடைத்தெருவை ஒட்டிய ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கான குட்டைப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு அப்பாமார்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இடுப்பில் கைக்குழந்தையோடு கதவோரம் நின்றிருந்த அந்த அம்மாவை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனில் வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவரின் மனைவி. கணவருக்கு டியூட்டி என்பதால் அவருக்குப் பதில் இவர் வந்திருந்தார். கூட்டம் முழுக்க என்னைப் பற்றித்தான் பேச்சு. நானோ ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சியில் டிரெயினிங் முடித்த எனக்கு அதுதான் முதல் வேலை. ஊரில் போர்டு பள்ளிக்கூடங்கள் இரண்டு. கடைத்தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்த கட்டடம், கிணறு, வகுப்புக்கு ஒரு வாத்தியார் எல்லாம் இருந்தன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் பக்கத்தில் இருந்ததற்கு ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரே வாத்தியாரும்தான். லைன் பள்ளிக்கூடம் என்பார்கள். கொஞ்சம் வளர்ந்துவிட்ட பெண்ணை ஆண் வாத்தியாரிடம் படிக்க அனுப்பமாட்டார்கள். இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே பெண் ஆசிரியை நான், அதுவும் கடைத்தெருவில். ஆகவே லைனுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் எழுத்துக் கூட்டக் கற்றதுமே வீட்டோடு நின்றுவிடுவார்கள். பாயின்ட்ஸ்மேன் வீட்டம்மாவுக்கு மூன்று பெண்கள். டீச்சரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள் என்று அவர் போர்டு மெம்பர் வீட்டுக்கு நடையாய் நடந்ததன் விளைவுதான் அந்தக் கூட்டம்.

முதலில் எழுந்தவர் நெல் மண்டிக்காரர். "இந்தக் கட்டடத்துக்கு நாங்க ஆளாளுக்குப் பணம் போட்டிருக்கோம். கிணறு வெட்டிக் குடுத்தோம். இப்ப இருக்கிற ஒரே டீச்சரையும் தூக்கிக் குடுக்கணும்னா என்னங்க நியாயம்?" என்றார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள், கணக்கில் கெட்டிக்காரி.

"நீங்க போட்டது கட்டடத்துக்குங்க. டீச்சரம்மாவுக்குச் சம்பளம் போர்டுதானே குடுக்குது?" என்றார் கதவோரத்து அம்மா. "காளவாய்த் தெருவுல குடிசைக்குக்கூட வரி வாங்குறாங்க. அதுல பள்ளிக்கூட வரியும் சேந்துதான் இருக்கு. வாங்கறப்ப மட்டும் நாங்களும் இந்த ஊருதானுங்களா?"

எதிர்ப்பு வந்தது அவர் பக்கத்திலிருந்தே. காளவாயில் வேலை செய்கிற ஒரு தகப்பன் எழுந்து, "தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. பொட்டப் புள்ளைக்கு டீச்சர் அப்பறம் வரட்டும். மழை வந்தா கொட்டாயி ஒழுவுது. மொதல்ல கீத்து மாத்தச் சொல்லி கேளுங்க" என்றார். அதற்கு இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அம்மா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். கடைத்தெருக்காரர்களைப் பார்த்தபோது இருந்த வேகம் அந்தப் பார்வையில் இல்லை. "ரெண்டும் வேணும்ணே. ஒண்ணுதான் தருவோம்னு இவங்களே இன்னும் சொல்லலையே, நாம ஏன் சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார்.

யுத்தச் சிக்கனத்தில் புது ஆசிரியர் போட வழியில்லை, கீற்றுக்கும் இந்த வருஷம் பணமில்லை என்று மெம்பர் சொன்னார். கடைசியில் யாருக்கும் கோபம் வராத ஒரு முடிவைக் கண்டுபிடித்தார்கள். டீச்சர் காலையில் கடைத்தெருவில், மத்தியானம் லைனில். எல்லோரும் கலைந்தார்கள். மறுநாளிலிருந்து ஊரில் எனக்கு அரைநாள் டீச்சர் என்று பெயர்.

உச்சி வெயிலில் சோற்றை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பேன். பெரும்பாலும் லெவல் கிராசிங் கேட் சாத்தியிருக்கும். சரக்கு வண்டிகள் ஓய்ந்தபாடில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு. "வந்துட்டீங்களா டீச்சரம்மா, கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாம்" என்பார். உட்கார நேரம் இருந்ததில்லை. நான் வருவதற்குள் அவர் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்திருப்பார். அவர்கள் காலையெல்லாம் ஆடு மேய்த்து, காளவாய்க்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர்கள். முதல் பாடத்திலேயே கண் சொக்கும். அவர்களை அதட்டுவதற்கு எனக்கும் தெம்பு இருக்காது. வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி எங்கள் எல்லோர் மேலும் படிந்திருக்கும். வகுப்பைப் பாதியாகவும் என்னைப் பாதியாகவும் வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டினேன்.

ஒரு சாயங்காலம் மண்டிக்காரர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அந்தம்மா கேட்டதுல தப்பு இல்லீங்க. எனக்கும் பொண்ணு இருக்கு, தெரியாதா?" என்றார். "ஆனா மத்தியானம் ஆம்பிளை வாத்தியார் பாடம்னு தெரிஞ்சதும் இவங்கப்பா இவளை நிறுத்திடறேங்கறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க." போய்ச் சொன்னேன். மண்டிக்காரர் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார், காப்பி கொடுக்கச் சொன்னார், பெண்ணை நிறுத்திவிட்டார். அடுத்த தை மாதம் ஆண்டிமடத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது.

இதைப் பாயின்ட்ஸ்மேன் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் ஊருக்கே தெரிந்த சேதி. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். செம்பை என் கையிலிருந்து வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. "அந்தப் பொண்ணு படிப்ப நான் கெடுத்துட்டேனா டீச்சரம்மா?" என்றார். நீங்கள் என்ன செய்வீர்கள், நீங்கள் கேட்டது ஒரு டீச்சரை, அவர்கள் கொடுத்தது இருந்த ஒருத்தியையே இரண்டாக வெட்டி என்றேன். அவர் தலையை ஆட்டினார். சமாதானமானதாகத் தெரியவில்லை. அன்று பெண்களைக் கூட்டப் போகாமல் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வழக்கம்போலப் போனார்.

நான் ஓய்வு பெற்று எவ்வளவோ வருஷமாகிறது. போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். அதே வளாகத்துப் பெரிய பள்ளிக்கு லேப் கொடுத்துவிட்டார்கள், நமக்குக் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று ஒருவர் பேசினார். எதிரே இருந்த பெரிய பள்ளிக்காரர், லேபுக்குப் பணம் திரட்டினது நாங்கள் என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். எனக்கு இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த நாளில் லைன் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக ஒரு பெண் ஆசிரியை போட போர்டு ஒருவழியாக ஒப்புக்கொண்டது, யுத்தம் முடிந்த பிறகு. இனி முழுநாளும் நீயே அங்கே இரு, கடைத்தெருவுக்குப் புது ஆள் வருகிறாள் என்று உத்தரவு வந்தது. சந்தோஷமாகச் சொல்லலாம் என்று அந்த அம்மாவின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வாசலில் பானைகளும் பாய்ச்சுருளும் கட்டிக் கிடந்தன. பாயின்ட்ஸ்மேனுக்கு விழுப்புரம் பக்கம் ஏதோ சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றல்.

வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். சேதியை அங்கேதான் சொன்னேன். "நல்லதுங்க. காளவாய்த் தெருப் புள்ளைங்க எல்லாம் வந்துரும். மத்தியானத்துல வந்தாத்தான் தூங்குதுங்க" என்றார். மூன்று பெண்களும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு அப்போதுதான் கதைப் புத்தகம் தடங்கலில்லாமல் படிக்க வந்திருந்தது. போகிற ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்காம். விசாரிச்சுட்டேன். பொம்பள டீச்சர் கெடையாதாம்."

வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றி, பெண்களை ஏற்றி, குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கடைசியாக ஏறினார். ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மெம்பர் வூடு எங்கன்னு மொதல்ல கேக்கணும்" என்றார், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. "மறுபடி அடியிலேருந்து ஆரம்பிக்கணும் டீச்சரம்மா."